தார்ப்பாய்க்குள் ஒரு வண்டி

வெள்ளப்பாறை மடத்தில் அன்று பூதலிங்கத்தின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. கிட்டப் போகவே ஆட்கள் பயந்தார்கள். பஸ் டெப்போவில் முப்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், வயது அறுபத்திரண்டு. மனசு அடங்கவேண்டும் என்றுதான் மடத்துக்கு வந்தார். வந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கே அடங்கியது?

ஆனால் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

மடத்துக்கு ஒரு வேன் உண்டு. சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது உடம்புக்கு ஆகாமல் போனால் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்காக ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. சாவி பூதலிங்கத்திடம். எப்போதோ ஒருநாள் ஓடுகிற வண்டி, பேட்டரி செத்துவிடக் கூடாதே என்று அவரே டவுனுக்குப் போய் ஒரு சின்ன சார்ஜரை வாங்கி வந்து, ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் வண்டியின் முன்பக்கத்தில் மாட்டியிருந்தார். வண்டி சும்மா நின்றாலும் அது பேட்டரிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டு கொடுத்துக்கொண்டே இருக்கும். நிறைந்தால் தானே நிறுத்திக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டும். வருஷக்கணக்கில் நின்றாலும் சாவியைத் திருப்பினால் கிளம்பும் என்று மடத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லிவைத்திருந்தார்.

நேற்று மத்தியானம் கீழூர் செல்லக்கிளிக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. அவள் புருஷன் கருத்தபாண்டி செருப்புகூடப் போடாமல் மடத்துக்கு ஓடி வந்தான். அரசாங்க ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருந்தது. பூதலிங்கம் சாவியைத் திருப்பினார். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தள்ளிப் பார்த்தார்கள். புது மாடல் வண்டி, தள்ளினால் கிளம்புகிற ரகமில்லை. கடைசியில் வெங்காய மூட்டைக்கு நடுவே லோடு ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் பிள்ளை பிறந்துவிட்டது. பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, தாய்க்கு ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ரெண்டு உயிரும் தங்கும் என்று டாக்டர் இன்று காலையில்தான் வாயைத் திறந்து சொன்னார்.

ஷெட்டில் வண்டிக்குப் பின்னால், கண்ணுக்குப் படாத மூலையில், சார்ஜர் வயர் தரையில் கிடந்தது. அது இருக்கவேண்டிய பிளக்கில் கிரைண்டர் வயர் இருந்தது. சமையல்கட்டில் பிளக் எரிந்துபோனதால், மாசி அமாவாசை அன்னதானத்துக்கு சமையல்காரர் கொம்பையா கிரைண்டரை ஷெட்டுக்குத் தூக்கிவந்து மாவாட்டியிருக்கிறார். ஷெட்டில் இருப்பது ஒரே பிளக். பிடுங்கினவர் திரும்ப மாட்டவில்லை. ஆறு வாரம் ஆகிவிட்டது. கேட்டபோது அவர் மறைக்கவும் இல்லை. மறந்துவிட்டேன் அண்ணாச்சி என்று சொல்லி, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கொம்பையாவுக்கு இந்த மடத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. அது பூதலிங்கத்துக்கும் தெரியும்.

தெரிந்துதான் நேரே மரகதம்மாளிடம் போனார். மடத்தின் குரு அவர். பூதலிங்கத்தைவிட இருபது வயது இளையவர் என்றாலும் இத்தனை நாளும் அவர் முன்னால் பூதலிங்கம் குரலை உயர்த்தியதில்லை. இன்று உயர்த்தினார். கொம்பையாவைச் சோற்றுக்குப் பாரம் என்றார், பொறுப்பு கெட்ட ஜென்மம் என்றார், இன்னும் மடத்தில் சொல்லக்கூடாத ரெண்டு வார்த்தையும் சொன்னார்.

"பேட்டரி சாகக் காரணமானவன் இந்த மடத்துல இருக்கக் கூடாதும்மா. இன்னைக்கே பெட்டியைக் கட்டணும். அவனா நானான்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அம்மா கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். எழுந்து கையைக் கழுவினார்.

"ஷெட்டுக்குப் போவோம், வாங்க."

காலையிலேயே மெக்கானிக் வந்து வேறு பேட்டரியிலிருந்து கரண்டு கொடுத்து வண்டியைக் கிளப்பி, ரொம்ப நேரம் ஓடவிட்டுப் போயிருந்தார். வண்டியின் மேல் மறுபடியும் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. தார்ப்பாயின் மேலே வரிசையாகச் சந்தனப் பொட்டு, குங்குமப் பொட்டு.

"இது யார் வச்சது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை தவற மாட்டேன்."

"தார்ப்பாய்க்கா பொட்டு வைப்பாங்க?"

ஒவ்வொரு தடவையும் அவிழ்த்து மாட்டுவது பெரிய வேலை, அதனால் மேலேயே வைத்துவிடுவது என்று பூதலிங்கம் முணுமுணுத்தார். ஆறு வெள்ளிக்கிழமை வந்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை அதைத் தூக்கியிருந்தால் பச்சை விளக்கு எரியவில்லை என்று தெரிந்திருக்கும். அம்மா அதைச் சொல்லவில்லை. தார்ப்பாயின் முனையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டார். அவருக்கும் கோபம் வரும் என்பது பூதலிங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்த வண்டி கடைசியா எப்ப ரோட்டுல ஓடுச்சு?"

"தை மாசம்."

"அதுக்கப்புறம் யாரும் வந்து கேக்கலையா?"

கேட்காமல் என்ன? கண் ஆபரேஷன் பண்ணின கிழவர் ஒருத்தர் கட்டுப் பிரிக்கப் போகவேண்டும் என்று வந்தார். கால் நடக்க வராத மகளை மருத்துவ முகாமுக்குக் கூட்டிப்போக ஒரு தாய் வந்தாள். அவசரத்துக்கு என்று நிற்கிற வண்டி, இது என்ன சத்திரமா என்று பூதலிங்கம் எல்லாரையும் விரட்டிவிட்டார். விரட்டினதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட. இதையெல்லாம் இப்போதும் நிமிர்ந்துதான் சொன்னார்.

"வேற யாரு?"

பூதலிங்கம் கீழே கிடந்த தார்ப்பாயை மடிக்கக் குனிந்தார்.

"கேக்குறேன்ல. வேற யாரு?"

"கருத்தபாண்டி."

"எப்ப?"

"மாசிக் கடைசியில. செல்லக்கிளியைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வந்தான். பஸ்ஸுல போடான்னு சொன்னேன்."

"போனாளா?"

"இல்லம்மா. பஸ் குலுக்கும்னு பயந்து வீட்லயே இருந்துட்டாளாம்."

"கொம்பையா வயரைப் பிடுங்கினது ஒரு தடவை" என்றார் அம்மா. "வந்து கேட்டவங்களை எல்லாம் நீங்க ஏத்திக்கிட்டுப் போயிருந்தா, அந்த வயர் எங்க கிடந்தா என்ன?"

பூதலிங்கத்துக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை. வண்டி ஓடினால் பேட்டரி தானாக ஏறும். டெப்போவில் தினம் ஓடுகிற பஸ் எதற்கும் அவர் சார்ஜர் மாட்டியதில்லை. கோபம் போன இடத்தில் இப்போது வெட்கம் வந்து உட்கார்ந்தது, அம்மாவின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

"அப்ப நானே பெட்டியைக் கட்டிடுறேன்மா."

"பெட்டி கிடக்கட்டும். கொம்பையா செல்லக்கிளிக்குக் கஞ்சி வச்சிருக்கார். அதை அவர் கையால வாங்கிக்கோங்க. இந்த வண்டியிலயே கொண்டு போங்க. அவ பிள்ளையோட வீட்டுக்கு வர்ற வரைக்கும் தினம் போகணும்" என்றார் அம்மா. "வழியில யார் கை காட்டினாலும் ஏத்திக்கோங்க."