ராஜாவுக்குப் பதில் நடந்தவன்

ராஜா உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமலே ராஜ்யம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பூவாற்றூரை ஆண்ட வெங்களப்ப ராஜாவுக்குத் தூக்கம் போய்விட்டது. படுத்தால் நெஞ்சு படபடக்கும். எழுந்தால் தலை சுற்றும். அந்த எரிச்சலில் நடுச்சாமத்தில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் வரவழைத்துத் தின்பார். தின்ற பாரத்தில் தூக்கம் இன்னும் தூரம் ஓடும். விடிந்ததும் கோபம் சபையில் யார் தலையிலாவது விழும்.

அரண்மனை வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"மருந்து வேண்டாம், மகாராஜா. விடியற்காலையில் ஆற்றங்கரையோரம் வேர்க்கிற வரைக்கும் நடக்க வேண்டும். காலையில் கம்பங்கூழும் மோரும். மத்தியானம் கீரை. பொழுது சாய்ந்தபின் வழக்கு எதையும் காதில் வாங்கக் கூடாது. விளக்கு வைத்ததும் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் படுத்துவிட வேண்டும். ஒரு மண்டலம் போதும்."

ராஜாவுக்கு முகம் சுருங்கியது. "நான் நடந்தால் பல்லக்குத் தூக்குகிறவன் என்ன செய்வான்?"

பிரதானி நரசையா தொந்தியைத் தடவிக்கொண்டு தொண்டையைச் செருமினார். ஓரமாக நின்ற கொழுந்தப்பன் நிமிர்ந்து பார்த்தான். அந்தச் செருமலுக்குப் பின்னால் எப்போதும் தனக்கு ஒரு குழி காத்திருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். மாட்டுச் சந்தையில் தரகனாக அடிபட்டு, மிதிபட்டு, வாய் ஒன்றையே முதலாக வைத்து அரண்மனை வரை ஏறி வந்தவன் அவன். பரம்பரைப் பிரதானிக்கு அது பொறுக்கவில்லை.

"மகாராஜா குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டபோது, மகாராஜா பெயரில் வேறொருத்தன் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான்," என்றார் நரசையா. "புண்ணியம் மகாராஜாவுக்குத்தானே வந்தது? அதே மாதிரி கொழுந்தப்பன் நடக்கட்டும். கூழையும் அவனே குடிக்கட்டும். ஆரோக்கியம் இங்கே வந்து சேரட்டும்."

"சேராவிட்டால்?" என்றான் கொழுந்தப்பன்.

"நூறு கசையடி. அப்புறம் நாடு கடத்தல்." அதையும் நரசையா தயாராக வைத்திருந்தார்.

கொழுந்தப்பனுக்குக் காதுமடல் சிவந்தது. புண்ணியத்தை எவன் கண்டான், வந்ததென்றால் வந்ததுதான். தூக்கம் அப்படியா? நறுக்கென்று கேட்க நாக்குத் துடித்தது. அதற்குள் ராஜா குதூகலமாகத் தலையாட்டிவிட்டார். ராஜா தலையாட்டிய பிறகு பேரம் ஏது? பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டான்.

மறுநாளே நடக்க ஆரம்பித்தான். முதலில் அடிக்கு ஒரு தரம் நரசையாவைத் திட்டினான். போகப் போகத் திட்ட மறந்துபோயிற்று. கம்பங்கூழ் ருசித்தது. விளக்கு வைத்ததும் கண் சொக்கியது. கன்னம் மினுங்கியது. இடுப்பில் வேட்டி நிற்க மறுத்தது. ராஜாவோ, "இன்றைக்கு நான் எப்படி நடந்தேன்?" என்று அவனிடம் விசாரித்துவிட்டு இன்னொரு அதிரசத்தைக் கடித்தார்.

மண்டலம் முடிந்த அன்று ராஜாவை இரண்டு பேர் தாங்கி அழைத்து வந்தார்கள். கண் இரண்டும் கோவைப்பழம்.

"நீ நன்றாகத் தூங்குகிறாயா?" என்று கேட்டார்.

"படுத்ததுதான் தெரியும், மகாராஜா."

"அப்படியானால் என் தூக்கத்தை இவன் தூங்கியிருக்கிறான்."

"திருட்டு," என்றார் நரசையா நிதானமாக. "மகாராஜாவின் ஆரோக்கியத்தை வழியிலேயே அமுக்கிவிட்டான்."

கசைக்காரன் வந்து நின்றான். இல்லை என்று வாதாடினால் முதுகு போய்விடும் என்று கொழுந்தப்பனுக்குப் புரிந்தது. சந்தையில் எதிராளி அநியாயமாகப் பேசும்போது அவன் மறுத்ததே இல்லை. ஒப்புக்கொண்டுதான் கவிழ்த்திருக்கிறான்.

"பிரதானி ஐயா சொல்வது வாஸ்தவம்," என்றான். "மகாராஜாவின் சரக்கு முழுக்க என் உடம்பில்தான் இருக்கிறது. கசை விழுந்தால் நொறுங்கப்போவது அந்தச் சரக்கு. எனக்கென்ன நஷ்டம்? அடிக்கச் சொல்லுங்கள்."

ராஜா பதறிக் கையை உயர்த்தினார். கசை தாழ்ந்தது.

"எடுத்துக் கொடுத்துவிடு."

"தருகிறேன். ஆனால் போன வழியாகத்தான் அது திரும்பும். விடியற்காலையில், ஆற்றங்கரையில், நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. கூழில் வந்தது கூழோடுதான் இறங்கும். உள்ளே நெய்ச்சோறு கிடந்தால் இறங்க இடமிருக்காது. மகாராஜாவுக்குச் சிரமமென்றால் பிரதானி ஐயாவை அனுப்புங்கள். அவர் வாங்கி வைத்துக்கொள்ளட்டும்."

ராஜா நரசையாவை ஏற இறங்கப் பார்த்தார். கொடுக்கிற இடத்துக்கெல்லாம் ஆள் அனுப்புகிறவர் ராஜா. வாங்குகிற இடத்துக்கு இன்றுவரை யாரையும் அனுப்பியதில்லை.

"நானே வருகிறேன். நரசையா, நீ சாட்சிக்குக் கூட வா."

முதல் நாள் முதல் புளியமரத்தோடு ராஜா உட்கார்ந்துவிட்டார். "எவ்வளவு வந்தது?"

"ஒரு சிட்டிகை, மகாராஜா. மிச்சம் அடுத்த மரத்துக்கு அப்பால் இருக்கிறது."

மிச்சத்தை விட ராஜாவுக்கு மனசு வரவில்லை. மரம் மரமாகத் துரத்தினார். சாட்சிக்கு நரசையாவும் தினம் பின்னாலேயே ஓடினார். கூழைக் கிண்ணம் வழித்துக் குடித்தார். சாயங்காலம் வழக்கு என்று வந்தவர்களைக் காலையில் வரச் சொன்னார். காலையில் அவர்களிடம் சிரித்துப் பேசினார். அடுத்த மண்டலம் முடிவதற்குள் அவருடைய குறட்டை கோட்டை வாசல்வரை கேட்டது.

நரசையாவுக்கு மனசு ஆறவில்லை. சபையில் எழுந்தார்.

"எல்லாம் திரும்பி வந்துவிட்டதென்றால், இவன் உடம்பு மட்டும் இன்னும் மினுங்குவானேன்? பாதியை ஒளித்துவிட்டான், மகாராஜா."

ராஜாவின் புருவம் ஏறியது. "ஆமாம், கொழுந்தப்பா. உன்னிடம் இன்னும் இருக்கிறதே?"

"இருக்கிறது, மகாராஜா. பிரதானி ஐயாவிடமும் இருக்கிறது. அவர் தொந்தியைக் காணோம், பாருங்கள். அவரிடம் இருப்பது கைமாறும்போது சிந்தியது. என்னிடம் இருப்பது தரகு."

நரசையா சட்டென்று வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ராஜா வயிறு குலுங்கச் சிரிக்கப் பார்த்தார். குலுங்குவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கையைத் தட்டிச் சிரித்துவிட்டு, தரகோடு சேர்த்து ஒரு ஜோடி காளையும் கொடுக்கச் சொன்னார்.

கொழுந்தப்பன் அந்தக் காளைகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிட்டான்.