கேழ்வரகுக்கு விரித்த பாய்

முன்னொரு காலத்தில் வெண்மலை நாட்டை மகுடவர்மர் என்றொரு அரசர் ஆண்டார். தம் நாட்டுக் கேழ்வரகை அவர் கடைசியாக உயிரோடு பார்த்தது கார்த்திகையில். மறுபடி போனபோது கதிர்க் கழுத்தெல்லாம் கறுத்து ஒடிந்து கிடந்தது. குலைநோய். தொடர்ந்து மூன்றாவது போகம்.

"குடியானவர்களின் சோம்பல்!" என்றார் குதிரைலாயத் தலைவர் மாரசிங்கர். "அதைப் பயிரிட்ட பள்ளத்தூரையே காலி செய்யச் சொல்லுங்கள், பிரபு."

"நாளைக்கே!" என்றார் அரசர்.

அமைச்சர் பூதனார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் நிலம் எப்போதும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பது அரசரின் ஆசை. அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் சணப்பு என்னும் பசுந்தாள் உரச்செடியை விதைத்து, மண்ணுக்குள் மடக்கி உழலாம் என்று அமைச்சர் சொல்லியிருந்தார். சணப்பு மஞ்சளாகப் பூக்கும் என்று அதைக் கெடுத்தவர் மாரசிங்கர். தம் குதிரைகளுக்குத் தீவனமாகட்டும் என்று அந்த இடைவெளியிலும் கேழ்வரகையே நெருக்கி விதைக்க வைத்தார்.

"கேழ்வரகுமேல் கேழ்வரகு போட்டால் நோய் அங்கேயே குடியிருக்கும் என்று எத்தனை முறைதான் சொல்வது, மகாராஜா?" என்றார் பூதனார்.

மாரசிங்கர் சிரித்தார். "அறுத்த தாளின் மிச்சத்தை உழுது புதைத்தாயிற்றே! விதையும் புதிது. பழைய நோய் எப்படி ஐயா வரும்?"

அமைச்சர் ஒரு பாயைக் கொண்டுவரச் செய்து, மேலே புதுப் பட்டு விரித்தார். "படுங்கள். நேற்றுவரை உங்கள் லாயத்துச் சிரங்குக்காரன் படுத்த பாய்தான். ஆனால் பட்டு புதிது, நீங்களும் புதிது."

"ஐயையோ, ஒட்டிக்கொள்ளும்!" மாரசிங்கர் துள்ளி விலகினார்.

"பட்டத்து யானையைப் படுக்க வைத்தால்?"

"யானைக்கு மனுஷன் சிரங்கு எப்படியய்யா ஒட்டும்?" என்று அரசரே கத்தினார்.

"நோய் தங்கிய நிலம்தான் அந்தப் பாய், சணப்புதான் அந்த யானை, மகாராஜா. வேறு இனம். அது நிற்கும்வரை கேழ்வரகு நோய்க்குத் தின்ன ஒன்றும் கிடைக்காது. பட்டினியில் தேயும்."

அரசர் கைக்கடகத்தைக் கழற்றி அமைச்சரிடம் கொடுத்தார். "பள்ளத்தூரார் இருக்கட்டும். மாரசிங்கரே, நீர் போய்ச் சணப்பு விதையும். அமைச்சரே, அதை உழுத மறுநாளே கேழ்வரகு விதைக்கலாம்தானே?"

"மட்க விடுங்கள்!" அமைச்சர் குரல் உடைந்துபோயிற்று. "பச்சைத் தழை அழுகும்போது விதைத்தால் முளையும் சேர்ந்தல்லவா அழுகும்!"

சணப்பு பூத்தபோது அரசர் மாடத்துச் சன்னலை மூடச் சொன்னார். அடுத்த போகத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கதிர்கள் கறுத்தன. மற்றவை நின்றன. பள்ளத்தூரில் ஒரு வீடும் காலியாகவில்லை.