வாசலுக்கு வந்த கிரைண்டர்

புருஷன் இறந்தபிறகு பூவாயி விதவை உதவித்தொகைக்கு மனு போட்டிருந்தாள். அது கிடைக்காவிட்டால் மகளின் படிப்பை நிறுத்தி மில்லுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

விசாரணைக்கு வருவாய் ஆய்வாளர் தணிகாசலம் வருகிறார் என்றதும் பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி ஓடிவந்தாள்.

"அக்கா, மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாத்தையும் எங்க வீட்டுல ஒளிச்சு வை. அதையெல்லாம் பார்த்தா வசதியான குடும்பம்னு அந்த மனுசன் மனுவைத் தள்ளிடுவாரு."

விசாரணை என்றால் அந்தத் தெருவில் எல்லாரும் அப்படித்தான் ஒளித்து வைப்பார்கள். பூவாயி யோசித்தாள். பிறகு மூன்றையும் தூக்கி வந்து வாசலிலேயே வைத்தாள்.

தணிகாசலம் வண்டியை நிறுத்தும்போதே சிரித்தார். "ஏம்மா, கடை போட்டிருக்கியா? இவ்வளவு சாமானை வச்சுக்கிட்டு ஏழைங்கிற!"

"கொஞ்சம் திருப்பிப் பாருங்கய்யா."

மூன்றிலும் அரசு முத்திரை இருந்தது.

"நான் ஏழைன்னு சொல்லி அரசாங்கந்தான் இதையெல்லாம் இலவசமா குடுத்துச்சு. குடுத்ததை வச்சே இப்ப என்னைப் பணக்காரிங்கிறீங்க. நாளைக்குப் பென்ஷன் குடுத்துட்டு, மாசாமாசம் பணம் வாங்குறவளுக்குப் பென்ஷன் எதுக்குன்னு கேப்பீங்களாய்யா?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தணிகாசலத்துக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமாளிப்பதற்காகக் கிரைண்டரைத் தட்டிப் பார்த்தார்.

"சரி, சரி. இது ஓடவாவது செய்யுதா?"

"நல்லா ஓடுதுங்கய்யா. போடுறதுக்கு உளுந்துதான் இல்லை."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தணிகாசலம் மனுவை வண்டி சீட்டின் மேலேயே வைத்து, 'தகுதி உள்ளவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.