அண்ணாச்சி கடை ரசம்

மண்ணடியில் சிதம்பரதாணு அண்ணாச்சியின் மெஸ் எங்கே என்று கேட்டால், வழி சொல்வதற்கு முன் அங்கே வைக்கிற ரசத்தைப் பற்றிச் சொல்வார்கள். பெரிய ஓட்டலில் ஒரு காப்பி குடிக்கிற காசுக்கு அங்கே வயிறு நிறையும். மூட்டை தூக்குகிறவரும் வக்கீலும் ஒரே பெஞ்சில் தோள் இடிக்கச் சாப்பிடுவார்கள். இடம் கிடைக்காதவர்கள், சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று, எப்போது மோருக்கு வருவார் என்று பார்த்திருப்பார்கள். பட்டணத்தில் இப்படிக் கூட்டம் கூடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்தக் கொடுப்பினைதான் அண்ணாச்சியின் தூக்கத்தைக் கெடுத்தது.

அவர் அறுபது தாண்டியவர். அவருடைய குரு தையல்நாயகி அம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ராயபுரத்தில் சிறு மடம் ஒன்றை நடத்தி வந்தார். ஞானம் என்ன, வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது? வெள்ளிக்கிழமை தவறாமல் அண்ணாச்சி போய் விழுந்து கும்பிடுவார்.

அப்படி ஒரு வெள்ளியன்று கேட்டார்.

"அம்மா, எனக்கு எப்ப தீட்சை குடுப்பீங்க?"

"நீங்க தயார்னு சொல்லுங்க. குடுக்கிறேன்."

"அதான் சொல்ல முடியலியே! கறி மீனை விட்டுட்டேன். கோவத்தையும் விட்டுட்டேன். இந்த ஆணவம் மட்டும் போவ மாட்டேங்கு. ஒருத்தன் இலையை வழிச்சுச் சாப்பிட்டா எனக்கு நெஞ்சு இம்புட்டுப் பெருசாயிருது. பேசாம ஆவணியோட கடையை மூடிட்டு இங்கயே வந்துருதேன்."

"மூடுங்க. அதுக்கு முன்னால ஒரு நாள் வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்."

அன்றிலிருந்து அண்ணாச்சி ஆணவத்தைக் கொல்லத் தொடங்கினார். வழக்கமாக ரசப் பானை அடுப்பில் இருக்கும்போது அந்தப் பக்கமே நிற்பார். ஓரத்தில் நுரை கூடினதும் "இறக்கு!" என்று ஒரு சத்தம் போடுவார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் எதுவும் அடுக்களையைத் தாண்டாது. இப்போதோ வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, ரசத்தை இறக்கிறலாமா?" என்று சமையல்கார மாடசாமி வந்து கேட்டார்.

"இறக்க நீ யாரு, நான் யாரு? எல்லாம் அவன் செயல்."

மாடசாமி மரியாதை தெரிந்தவர். அவனுக்காகக் காத்திருந்தார். அவன் வரவில்லை. ரசம் கொதித்துக் கொதித்துக் கசந்தது.

தினமும் இதே கதைதான். வாடிக்கைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அண்ணாச்சி கோயில் சிலைபோலச் சிரித்தார். ஆணவத்தை ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் அவருக்கு ஒரே பெருமை.

ஒரு மத்தியானம் அம்மை வந்தார். அண்ணாச்சி எழுந்து ஓடினார்.

"உள்ள வாங்கம்மா, தனியா இலை போடுதேன்."

"இருக்கட்டும். அந்த அண்ணன் மோருக்கு வந்துட்டார்."

ஒரு லோடுமேனின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார். அந்த ஆள் கை கழுவப் போகிற வழியில் நின்று, "இன்னா அண்ணாச்சி, ரசத்துக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"எல்லாம் அவன் செயல்" என்றார் அண்ணாச்சி.

அம்மை உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் போயிற்று. ரசம் வந்தது. ஒரு வாய் வைத்தார். அப்படியே வைத்துவிட்டு இலையை வெளிப்பக்கமாக மடித்தார்.

துக்க வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. குருவாவது ஒன்றாவது!

"யாரு கடையில உக்காந்து இலையை இப்படி மடிக்கீங்க?"

"எல்லாம் அவன் செயல்" என்றார் அம்மை.

அவ்வளவுதான். துண்டை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்ணாச்சி அடுக்களைக்குள் பாய்ந்தார்.

"மாடசாமி, அதைத் தூக்கிக் கொட்டு!"

தானே புளி கரைத்தார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டார். ஓரத்தில் நுரை கூடி எழும்பின நேரத்தில் துணி பிடித்து இறக்கினார். முகர்ந்தார். தெரு முனைவரை மணக்கிற ரசம்.

"கை கழுவுனவங்களும் உக்காருங்க!" என்று கத்திக்கொண்டே வாளியோடு வந்தார்.

வரிசையாக ஊற்றிக்கொண்டு போனார். லோடுமேன் இரண்டாம் தடவை கேட்டார். ஒரு வக்கீல் இலையில் ஓடியதை விரலால் அணை கட்டி வழித்தார். அண்ணாச்சிக்கு நெஞ்சு பழையபடி விம்மியது. வரிசைக் கடைசியில் அம்மை உட்கார்ந்திருந்தார். அங்கே வந்ததும்தான் அண்ணாச்சிக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் பாழாப் போச்சும்மா. திரும்ப வந்துட்டுது."

"எது?"

"ஆணவம். வாளியைத் தூக்குனேன், முழுசா வந்து உக்காந்துக்கிட்டுது. இனி இந்தச் சென்மத்துல எனக்குத் தீட்சை கிடையாது, இல்லியா?"

அம்மை இரண்டு கையையும் குவித்து நீட்டினார். அண்ணாச்சி ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். அம்மை உறிஞ்சிக் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"ஆமா அண்ணாச்சி, வந்துடுச்சு" என்றார். குவித்த கை அப்படியே இருந்தது. "இன்னொரு கரண்டி ஊத்துங்க."