பவுனம்மாள் நின்ற இடம்

சுதந்திர தின மேடைக்கு முன்னால் துப்புரவுத் தொழிலாளி பவுனம்மாளை நிறுத்திவைத்து, சேர்மன் தணிகாசலம் மைக்கிலேயே கத்தினார்.

"தேசிய கீதம் பாடினப்போ எங்கே போனே? நாட்டுப்பற்று இல்லாதவளுக்கு நகராட்சியில வேலை எதுக்கு?"

பவுனம்மாளின் குரல் இறங்கவில்லை.

"மேடையோரச் சாக்கடையில அடைப்பு எடுத்துக்கிட்டிருந்தேங்கய்யா. பாட்டு கேட்டதும் கழுத்தளவு தண்ணியிலேயே விறைப்பா நின்னேன்."

"யார் பார்த்தது?"

"யாரும் பாக்கலீங்க. நான்தான் எல்லாரையும் பாத்தேன். உள்ளேயிருந்து பாத்தா மனுசங்க காலு மட்டுந்தான் தெரியும். அத்தனை காலும் அசையாம நின்னுச்சு. ஒரு ஜோடி வெள்ளைச் செருப்பு மட்டும் போன் பேசிக்கிட்டே நடந்துச்சு. அது யாருன்னு விசாரிங்கய்யா."

கூட்டம் மொத்தமும் குனிந்து பார்த்தது. வேலையைப் பற்றிய பேச்சை அப்படியே விழுங்கிவிட்டு, சேர்மன் அவசரமாக வேட்டியை இறக்கிவிட்டார்.