வீடும் அதன் வாலும்

“கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது, தாயே. வண்டிதான் கேட்கமாட்டேன் என்கிறது.”

சொன்னவர் திருமேனி, ஓய்வுபெற்ற கண் மருத்துவர். படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்னால் அறுவைக் கருவிகள் ஏற்றிய டிரெய்லரைப் பூட்டியிருந்தார். மலைமேல் பார்வை மங்கியவர்கள் அவருக்காகக் காத்திருந்தனர்.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஞானம்மாள். அடிவாரத்து மடத்தின் ஆசிரியை. மாணவராக வந்த டாக்டரைவிட வயதில் இளையவர்.

“ஏறவில்லையா?”

“முதல் மேடு ஏறியது. அடுத்த இறக்கத்தில் பிரேக் புகைந்தது. மண்மேட்டில் மோதித்தான் நின்றேன்.”

“டிரெய்லர் கனமோ?”

“இல்லை. இழுக்கலாம் என்று வண்டி செய்தவர்கள் சொன்ன எடைக்குள்தான் இருக்கிறது.”

“குறைத்துப் பாருங்கள், டாக்டரே.”

மாலையில் டாக்டர் முகமலர்ந்து வந்தார்.

“டிரெய்லரில் பாதி காலி, தாயே!”

“அந்தப் பாதி எங்கே போயிற்று?”

“வீட்டு வண்டிக்குள் வைத்துவிட்டேன்.”

ஞானம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நீர் நிறைந்த குடம் ஒன்றை டாக்டரின் தோளில் ஏற்றினார். இன்னொன்றைக் கையில் கொடுத்தார். மடத்துச் சரிவைக் காட்டினார்.

“ஓடி இறங்குங்கள். நான் சொன்னதும் நிற்க வேண்டும்.”

பாதிச் சரிவில், “நில்லுங்கள்!” என்றார்.

டாக்டர் நிற்கவில்லை. பூசணிக் கொடிக்குள் போய் உட்கார்ந்தார்.

“எந்தக் குடம் தள்ளியது?”

“எந்தக் குடமென்று கால்களுக்கு என்ன தெரியும், தாயே?”

சொன்னதும் அவர் கண் வண்டியின் பக்கம் திரும்பியது.

“வீடும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்றும் சொல்லியிருப்பார்களே?”

“சொல்லியிருக்கிறார்கள். இழுக்கும் எடையைப் படித்ததுமே புத்தகத்தை மூடிவிட்டேன்.”

ஞானம்மாள் வண்டியின் தொட்டியைத் தட்டினார்.

“இதில் என்ன?”

“முந்நூறு லிட்டர் தண்ணீர். மேலே கிடைக்காவிட்டால்?”

“மேலே இருப்பவர்கள் எதைக் குடிக்கிறார்கள்?”

டாக்டர் குனிந்து குழாயைத் திறந்துவிட்டார். நீர் பூசணிப் பாத்திக்கு ஓடியது.

வேறு எதையெல்லாம் இறக்கினார் என்பதில் இக்கதையைச் சொல்வோர் வேறுபடுகின்றனர். சோபா என்பர் சிலர். சட்டமிட்ட பட்டச் சான்றிதழ்கள் என்பர் வேறு சிலர். தண்ணீரில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போகின்றனர். எடைமேடையில் இம்முறை வீட்டையும் டிரெய்லரையும் சேர்த்தே ஏற்றினார் என்பதிலும்.

பிரேக்கைப் பழுதுபார்த்து, மறுவாரம் ஓடி வந்தார்.

“ஏறுகிறது, தாயே! லேசாக ஏறுகிறது!”

ஞானம்மாள் நசுங்கிய பூசணிக் கொடியைப் பார்த்தார்.

டாக்டரும் பார்த்தார். திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில், எதிர்மேட்டின் இறக்கத்து நடுவில், வீடும் அதன் வாலும் அசையாமல் நின்றன. சன்னலிலிருந்து ஒரு கை ஆடியது.

“நிற்கிறது, தாயே!”

“இனி ஏறுங்கள்.”