மூன்று தரம் கூறிய தீர்மானம்

சண்டை ஓய்ந்தும் கண்டல்துறையில் பிரதேச சபைக்குத் தேர்தல் வைக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த விசேட ஆணையாளர்தான் சந்தையையும் தண்ணீரையும் ஆண்டார். தண்ணீர் வண்டி அவர் வீட்டுப் பூமரங்களுக்கு ஊற்றிய பிறகுதான் ஊருக்கு வரும்.

ஒருநாள் மீன்சந்தையில் சனம் அவரை மறித்தது. "எங்கடை சபையைத் தாங்கோ. தேர்தல் வையுங்கோ."

ஆணையாளர் தேத்தண்ணிக் கோப்பையோடு சிரித்தார். "ஒரு மீனுக்கு நாலு சண்டை பிடிக்கிற ஆக்களுக்குச் சபையோ? இந்தத் தேத்தண்ணி முடிய முன்னம் ஊர் முழுக்க ஒரு விசயத்திலை ஒத்துப்போய்க் காட்டுங்கோ. நாளைக்கே தேர்தலுக்கு எழுதிப்போட்டு நான் போறன். ஒரு குரல் எதிர்த்தாலும் இருப்பன்."

மீன் ஏலம் கூறுகிற மரியநாயகி கையைக் கழுவிக்கொண்டு முன்னே வந்தாள். "விசயத்தை நான் சொல்லலாமோ, ஐயா?"

"எதையும் சொல்லு."

அவள் ஏலக் குரலை எடுத்தாள். "ஐயா பதவியை விட்டுப் போகட்டும். இல்லை, இருக்கட்டும் எண்டு கேக்கிற ஆள் ஆர்? ஒருதரம்."

சத்தமில்லை. ஏலத்தில் வாய் திறக்காதவன் சம்மதித்தவன்; அது அந்தச் சந்தையின் சட்டம்.

"ரெண்டுதரம்."

ஆணையாளர் பக்கத்தில் நின்ற தன் அலுவலகக் கிளாக்கரைப் பார்த்தார். ஊர்க்காரரான கிளாக்கர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார்.

"மூண்டுதரம். முடிஞ்சுது."

"நான் எதிர்க்கிறன்" என்றார் ஆணையாளர்.

"ஊர் முழுக்க எண்டுதானே சொன்னியள்? நீங்கள் எந்த ஊர், ஐயா?"

ஆணையாளரின் டிரைவர் அதற்குள் அவருடைய காரைக் கொழும்புப் பக்கம் திருப்பி வைத்திருந்தான்.